பழக்கத்துக்கு ஒரு கணக்கேடு: லூப் செயலியா, சுவர்க் காலண்டரா? மும்பை வீட்டுக்கு எது ஒத்துவரும்

மும்பைத் தமிழ் வீடுகளில் சமையலறைக் காலண்டரில் பால் கணக்கு எழுதும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, விருந்தாளி வந்து அரை லிட்டர் கூட வாங்கிய நாளுக்கு ‘½’. புதுப் பழக்கம் ஒன்றைத் தொடங்கி அது நடக்கிறதா என்று பார்க்கவும் இதற்கு மேல் எதுவும் வேண்டாம்: நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு குறி. அப்படியிருக்க இதற்கென்று தனிச் செயலி எதற்கு என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைக்கும் ‘லூப் ஹேபிட் டிராக்கர்’ செயலியை எடுத்து, மாதக் காலண்டரோடும் தினம் கிழிக்கும் சீட்டுக் காலண்டரோடும் பக்கத்தில் வைத்து இங்கே பார்க்கிறோம்.

எந்தக் கருவியும் பழக்கத்தை உண்டாக்கித் தராது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செய்யும் காரியம் எவ்வளவு சிறியது, ஏற்கெனவே தினம் நடக்கும் எந்த வேலையின் வாலில் அது கட்டப்பட்டிருக்கிறது என்ற இரண்டும்தான் பழக்கத்தைத் தீர்மானிக்கின்றன. கருவி கணக்கு எழுதும். ஒருநாள் தவறிவிட்டால், மறுநாள் அதைத் திறக்கவே கூச்சப்படும்படி செய்யாமல் இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பெரும்பாலான செயலிகள் கோட்டை விடுகின்றன. லூப் விடவில்லை. அதனால்தான் இந்த மதிப்புரை.

செயலியைத் தொடங்குவது

பிளே ஸ்டோரிலும், எஃப்-டிராய்டு என்ற திறந்த நிரல் செயலிக் கடையிலும் கிடைக்கிறது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, மின்னஞ்சல் முகவரி கேட்பதில்லை. நிரல் முழுவதும் வெளிப்படையாக, யாரும் பார்க்கவும் மாற்றவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. இணையம் இல்லாமலே வேலை செய்யும் என்பதால் லோக்கல் ரயிலில் சிக்னல் போய்ப் போய் வரும் இடங்களிலும் குறி போடலாம். பழக்கத்தின் பெயர், கேள்வி, குறிப்பு எல்லாவற்றையும் தமிழில் தட்டச்சு செய்யலாம்.

கூட்டல் குறியைத் தொட்டால் இரண்டு வகை காட்டும். ஒன்று ‘ஆம் அல்லது இல்லை’. மற்றது எண்ணில் அளப்பது. புதிதாகத் தொடங்குபவர் முதல் வகையோடு நிற்பது நல்லது. எண் வந்தால் பேரமும் வந்துவிடும். பத்து நிமிட நடையை எட்டு நிமிடத்தில் முடித்தால் எப்படிக் கணக்கு வைப்பது, மாடிப்படி ஏறியதைச் சேர்ப்பதா கூடாதா என்று மனம் வழக்காடத் தொடங்கும். ஆம், இல்லை என்றால் பேச்சுக்கே இடமில்லை.

பெயருக்கு அடுத்து ‘கேள்வி’ என்று ஒரு கட்டம் வரும். பலரும் காலியாக விட்டுவிடுவது இதைத்தான். செயலியிலேயே அதிகம் உதவக்கூடிய கட்டமும் இதுதான். நினைவூட்டல் வரும்போது திரையில் தெரிவது இந்த வாக்கியம். ‘உடற்பயிற்சி செய்தாயா?’ என்று எழுதினால் அது பள்ளிக்கூட வாத்தியார் குரலில் கேட்கும், பதிலும் தெளிவாக இராது. ‘குக்கரை அடுப்பில் ஏற்றியதும் ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தேனா?’ என்று எழுதினால் இடம், நேரம், அளவு மூன்றும் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. கேள்வியை இப்படி எழுத வரவில்லை என்றால் பழக்கத்தை இன்னும் சரியாக யோசிக்கவில்லை என்று பொருள். செயலியை மூடிவிட்டு முதலில் அதை யோசிக்கலாம்.

அமைப்புகளில் முதல் நாளே மாற்ற வேண்டியவை சில உண்டு. தொடக்க நிலையில் கட்டத்தை அழுத்திப் பிடித்தால்தான் குறி விழும். அவசரத்தில் தொட்டுவிட்டுப் போகிறவர்கள் குறி விழுந்ததாக நினைத்துக்கொள்வார்கள். ஒரு தொடுதலிலேயே விழும்படி மாற்றிக்கொள்ளலாம். அடுத்தது, விடுப்பு நாள் வசதி. இதை இயக்கினால் ஒரு நாளை ‘செய்தேன்’ என்றும் போடாமல் ‘தவறினேன்’ என்றும் போடாமல் தாண்டிப் போகலாம். செயலி தரும் மதிப்பெண் (அதன் கணக்கு கீழே வருகிறது) மாறாது, தொடர்ச்சியும் அறாது. காய்ச்சல், ரயில் பயணம், வீட்டில் விசேஷம் ஆகியவற்றுக்கு இது. சோம்பலுக்கும் இதையே பயன்படுத்தத் தொடங்கினால் கணக்கு பொய்யாகிவிடும் என்பதால், எதற்கெல்லாம் விடுப்பு என்பதைக் குறிப்புக் கட்டத்தில் முன்கூட்டியே எழுதி வைப்பது புத்திசாலித்தனம். மூன்றாவது, ஒரு நாளின் கணக்கை நள்ளிரவுக்குப் பின்னும் சில மணி நேரம் நீட்டும் வசதி. இரவுப் பணி முடித்துக் கடைசி லோக்கலைப் பிடித்து டோம்பிவலியிலோ கல்யாணிலோ இறங்குகிறவருக்கு மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். இது இல்லாவிட்டால் படுக்கும் முன் அவர் போடும் குறியெல்லாம் அடுத்த நாள் கணக்கில் போய் விழும்.

மதிப்பெண் எப்படி ஏறுகிறது

தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று மட்டும் காட்டும் செயலிகளில், 40 நாள் செய்துவிட்டு ஒரு நாள் விட்டால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பலர் அந்தப் பழக்கத்தைக் கைவிடுவது அன்றைக்குத்தான். லூப்பும் தொடர்ச்சியைக் காட்டுகிறது, ஆனால் அது ஓரத்தில் இருக்கும். நடுநாயகமாக இருப்பது சதவிகித மதிப்பெண்.

அதன் கணக்கு இப்படி. தினசரிப் பழக்கம் என்றால், செய்யாத ஒவ்வொரு நாளும் இருக்கும் மதிப்பெண்ணில் சுமார் 5 சதவிகிதம் கரையும். செய்த ஒவ்வொரு நாளும் நூறை எட்ட மீதியிருக்கும் தூரத்தில் அதே 5 சதவிகிதம் குறையும். ஒரு வாரம் விடாமல் செய்தால் 31, பதின்மூன்றாம் நாள் 50, முப்பதாம் நாள் 80, அறுபதாம் நாள் 96 என்று வரும். தொடக்கத்தில் விறுவிறுவென ஏறி மேலே போகப் போக மெதுவாகும்.

இதில் கவனிக்க வேண்டியது இறங்கும் பக்கம். 80இல் இருக்கும்போது ஒருநாள் விட்டால் 76 ஆகும். நான்கு நாள் தொடர்ந்து செய்தால் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். ஊருக்குப் போய் ஒரு வாரம் முழுக்க விட்டாலும் 55இல் நிற்கும். திருநெல்வேலிக்குப் போய் மாமியார் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறவருக்கு, திரும்பி வந்து திறக்கும்போது பூஜ்யம் தெரிவதற்கும் 55 தெரிவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. வாரம் மூன்று முறை என்று வைத்தால் ஏற்றமும் இறக்கமும் இன்னும் நிதானமாக நடக்கும். அந்த மூன்றும் முடிந்தபின் மிச்ச நாள்களுக்கு மங்கலான குறியைச் செயலியே போட்டுக்கொள்ளும். அதைப் பார்த்து யாரோ தவறாகத் தொட்டுவிட்டார்கள் என்று பதறவேண்டாம்.

ஒரு நாள் விடுவதால் குடி முழுகிவிடாது என்பதற்கு ஆய்வின் துணையும் உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து 84 நாள் நடத்தி, 2010ஆம் ஆண்டு இதழில் அச்சான ஆய்வு இது. ஒவ்வொருவரும் சாப்பிடுவது, குடிப்பது, உடலை அசைப்பது ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காலை உணவுக்குப் பின் என்பது போல நாளில் ஒரு முறை வரும் நிகழ்ச்சியோடு அதை இணைத்துக்கொண்டார்கள். யோசிக்காமலே செய்யும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆனால் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது: குறைந்தது 18, அதிகம் 254 என்று பரந்து கிடக்கிறது. ஆய்வே 84 நாள்தான் நடந்தது. 254 என்பது வளைகோட்டை நீட்டிப் பார்த்துக் கணித்தது. ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சி நேரமெடுத்தது. நடுவில் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டதால் சொல்லத்தக்க பின்னடைவு ஏதும் இல்லை. ‘21 நாளில் பழக்கம்’ என்று விளம்பரம் செய்யும் பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

நேரத்தைவிட நிகழ்ச்சி

லூப்பின் பெரிய குறை இங்கே வருகிறது. நினைவூட்டலைக் கடிகார நேரத்துக்கு மட்டுமே வைக்கலாம். காலை 6.30 என்று வைத்தால் 6.30க்கு மணி அடிக்கும்; அந்த நேரத்தில் நீங்கள் எங்கே, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. மும்பையில் நேரம் நம் கையில் இல்லை. தண்ணீர் வரும் நேரம் பேட்டைக்குப் பேட்டை வேறு. அது வரும்போது வாளி நிரப்புகிறவர் மூச்சுப் பயிற்சி செய்ய முடியாது. 8.12 ஃபாஸ்ட் லோக்கல் தவறினால் காலைப் பொழுது முழுவதும் இடம் மாறிப்போகும். கூட்டத்தில் நசுங்கி நிற்கும்போது போன் கத்தினால் அதை அணைப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய வழியில்லை. ஒரு வாரம் அணைத்தால் அந்தச் சத்தம் காதில் விழுவதே நின்றுபோகும்.

எனவே செய்யத் தூண்டும் வேலையை நினைவூட்டலிடம் கொடுக்கக் கூடாது. அதை வீட்டில் தினம் நடந்தே தீரும் ஒரு செயலிடம் கொடுக்கலாம். குக்கரை ஏற்றுவது, காபி வடிகட்டியில் தூள் போடுவது, பல் துலக்கி பிரஷ்ஷைத் திரும்ப வைப்பது, சாப்பாட்டு டப்பாவை மூடிப் பையில் வைப்பது, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவது, இரவில் கேஸ் ரெகுலேட்டரை மூடுவது. லூப்பின் நினைவூட்டலை இரவு 10 மணிக்கு ஒன்றே ஒன்று வைத்து, அன்றைய குறியைப் போட மட்டும் பயன்படுத்தலாம். அறிவிப்பிலேயே ஆம், இல்லை, பிறகு என்று பொத்தான்கள் வருவதால் செயலியைத் திறக்கக்கூட வேண்டியதில்லை.

நினைவூட்டல் வரவே இல்லை என்றால் பெரும்பாலும் செயலியின் மேல் தப்பிருக்காது. ஷாவ்மி, ரியல்மி, ஓப்போ, விவோ போன்ற போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணியில் இருப்பதையெல்லாம் நிறுத்திவிடும். போனின் அமைப்புகளில் லூப்புக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்றும், தானாகத் தொடங்கலாம் என்றும் அனுமதி கொடுத்தால் சரியாகும்.

பழக்கத்தை மாட்டிவைக்கும் கொக்கியாக எந்தச் செயலைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் ஏமாற இடமுண்டு. ‘ரயிலில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கம் படிப்பது’ கேட்க அழகாக இருக்கும். டோம்பிவலியில் ஏறுகிறவருக்கு தாதர் வரை உட்கார இடம் கிடைக்காத நாள்களே அதிகம். ஞாயிற்றுக்கிழமை அலுவலகமே இல்லை. ஆக வாரத்தில் நடக்கும் நாள்கள் ஒன்றோ இரண்டோதான். பழக்கம் வேர் பிடிக்காது. அதே இரண்டு பக்கத்தை இரவு கேஸை மூடிய பின் என்று மாற்றினால் வாரம் ஏழு நாளும் கொக்கி இருக்கும். கொக்கியும் பழக்கமும் ஒரே இடத்தில் நடப்பதும் முக்கியம். ரத்த அழுத்த மாத்திரை படுக்கையறை அலமாரியில் இருந்து, கொக்கி சமையலறைக் காபியாக இருந்தால், நடுவில் இருக்கும் பத்தடியில் மறதி புகுந்துவிடும். மாத்திரைப் பெட்டியைக் காபிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. உணவுக்கு முன்னா பின்னா என்பதை மட்டும் மருத்துவர் சொன்னபடி வைத்துக்கொண்டு அதற்கேற்ற கொக்கியைத் தேடவும்.

அளவைப் பொறுத்தவரை ஒரே ஒரு சோதனை போதும்: தலைவலியோடு, தாமதமாக, எரிச்சலோடு வீட்டுக்கு வந்த நாளிலும் இதைச் செய்ய முடியுமா? சிவாஜி பார்க்கைச் சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். தினம் மூன்று சுற்று என்று தொடங்குகிறவர்கள் ஜூன் மழை தொடங்கியதும் நிறுத்திவிடுகிறார்கள். செப்டம்பர் முடிய மழை விட்டு விட்டுப் பெய்யும், அதற்குள் பழக்கம் செத்துவிடும். ‘செருப்பைக் கழற்றும் முன் கட்டடத்தின் இரண்டு மாடி ஏறி இறங்குவது’ என்பதை அடிப்படையாக வைத்து, பார்க்கை உபரியாக வைத்துக்கொண்டால் மழையால் ஒன்றும் செய்ய முடியாது. செயலியில் குறி விழுவது இரண்டு மாடிக்குத்தான். மூன்று சுற்று நடந்த நாளிலும் அதே ஒரு குறி. இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் அதிகம் செய்த நாளுக்கு அதிகப் பெருமை என்று வைத்துவிட்டால் குறைவாகச் செய்த நாள் தோல்வியாகிவிடும்.

சர்க்கரை: அளவு வகை உதவும் இடம்

விடவேண்டிய பழக்கங்களுக்கு ஆம், இல்லை வகை சரிப்படாது. ‘இன்று சர்க்கரை சாப்பிடவில்லை’ என்று நாள் முழுக்கக் காத்திருந்து இரவில் குறி போடுவது சலிப்பு. இங்கே அளவு வகையைத் தேர்ந்தெடுத்து, இலக்கை ‘அதிகபட்சம்’ என்று வைக்கலாம்.

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை சுமார் 4 கிராம். நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் 8 தேக்கரண்டி, 32 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த பரிந்துரை, சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது. 5 சதவிகிதத்துக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய 25 கிராமுக்குள் கொண்டுவந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. டீயில் மட்டும் கோப்பைக்கு அரைத் தேக்கரண்டி குறைத்தால் 24 கிராம். இனிப்பு, பிஸ்கட், பாட்டில் பானங்கள் இதற்கு வெளியே என்பது உண்மைதான். ஆனாலும் முதல் படி அந்த அரைத் தேக்கரண்டிதான்.

செய்முறை: அலகு ‘தேக்கரண்டி’, இலக்கு அதிகபட்சம் 7 என்று வைத்து இரண்டு வாரம். பிறகு 6. நாக்கு புது இனிப்புக்குப் பழகும் வரை அடுத்த படிக்குப் போகவேண்டாம். கண்ணளவில் போடுவதை நிறுத்தி, டப்பாவுக்குள் ஒரே கரண்டியை நிரந்தரமாகப் போட்டு வைக்கவும். வீட்டில் இருக்கும் ‘ஸ்பூன்’கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு என்பதால்தான் பலருடைய கணக்கு இடறுகிறது. அலுவலகத்துக்கு வெளியே குடிக்கும் அரைக் கோப்பைக் கட்டிங் சாயில் சர்க்கரை கலந்தே வரும், அளக்க வழியில்லை. அதை ஒன்று என்றோ ஒன்றரை என்றோ முடிவு செய்து எப்போதும் அப்படியே எழுதினால் போதும். சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

இந்த இடத்தில் செயலியின் ஒரு கோணல் தெரியவரும். ஒரு பழக்கத்துக்கு ஒரே ஒரு இலக்குதான். அதை மாற்றினால் பழைய நாள்களும் புது இலக்கை வைத்தே மறுபடி கணக்கிடப்படும். 7இலிருந்து 6க்கு இறக்கிய அன்று, ஒழுங்காக 7இல் நின்ற இரண்டு வாரமும் தோல்வி போலத் தெரியும். எனவே இலக்கைத் திருத்தாமல், பழைய பழக்கத்தை ‘ஆவணப்படுத்தி’ ஒதுக்கிவிட்டு, ‘டீ சர்க்கரை 6’ என்று புதிதாக ஒன்று தொடங்கவும். பழையது அழியாமல் இருக்கும், வேண்டும்போது பார்க்கலாம்.

வேறு குறைகளும் உண்டு. திங்கள், புதன், வெள்ளி என்று குறிப்பிட்ட கிழமைகளுக்குப் பழக்கத்தை வைக்க முடியாது. வாரம் மூன்று முறை என்றுதான் வைக்கலாம். நினைவூட்டலுக்கு மட்டும் கிழமை தேர்ந்தெடுக்கலாம். ஐபோனில் இல்லை. இரண்டு போன்களுக்கு இடையே ஒத்திசைவு இல்லை. கணவனும் மனைவியும் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்ள முடியாது. எத்தனை பழக்கம் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதையும் குறையாகவே சொல்லவேண்டும். முதல் நாள் உற்சாகத்தில் பன்னிரண்டு பழக்கம் சேர்க்கிறவருக்குப் பத்தாம் நாள் செயலி வெறும் சிவப்புக் கணக்காகத் தெரியும். இரண்டோடு தொடங்கி, இரண்டும் 80ஐத் தாண்டிய பின் மூன்றாவதைச் சேர்ப்பது தாங்கும்.

சுவரில் தொங்குபவை

மாதக் காலண்டரை மும்பையில் பெரும்பாலும் ‘காலநிர்ணய்’ என்றே சொல்லிவிடுவார்கள். 1973 முதல் வருகிறது. திதி, விரதம், பண்டிகை என்று கட்டம் நிறைய அச்சு இருப்பதால் எழுத இடம் குறைவு. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் சமாளிக்கலாம்: பால் கணக்குக்குக் கட்டத்தின் கீழ் மூலை, பழக்கத்துக்கு மேல் மூலை என்று பிரித்துக்கொள்ளவும். பாலுக்கு வராத நாளில்தான் குறி. பழக்கத்துக்குச் செய்த நாளில் குறி. இரண்டும் எதிரெதிர் முறை என்பதால் ஒரே வடிவம் கூடாது. பாலுக்குப் பெருக்கல் குறி என்றால் பழக்கத்துக்கு வட்டப் புள்ளி. வழுவழுப்பான தாளில் ஜெல் பேனா ஈரமாகவே நின்று விரலில் ஒட்டும், தடித்த மார்க்கர் பின்பக்கம் ஊறும். சாதாரணப் பால்பாயின்ட் போதும். பேனாவை நூலால் கட்டித் தொங்கவிடுவதுதான் முக்கியம். பேனா தேடவேண்டியிருந்தால் கணக்கு மூன்றே நாளில் நின்றுபோகும்.

செயலியிடம் இல்லாத ஒன்று காலண்டரிடம் உண்டு: எல்லார் கண்ணிலும் படும். அதனால் குழந்தைகளின் பழக்கங்களுக்குக் காலண்டர்தான் சரி. அப்பா போனுக்குள் இருக்கும் மதிப்பெண் குழந்தைக்குத் தெரியப்போவதில்லை.

மும்பையில் வளரும் குழந்தைகளுக்குத் தமிழ் படிக்கக் கற்றுக்கொடுப்பதை எடுத்துக்கொள்வோம். 247 எழுத்து என்று சொன்னதுமே பெற்றோருக்கே மலைப்பு வந்துவிடும். சின்னப் படியாகப் பிரித்தால் அவ்வளவு இல்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உகர ஊகாரத்தை விட்டுவிட்டால் மாறாமல் ஒட்டும் உயிர்க்குறிகள் 9, மொத்தம் 40. கு, சு, டு, மு, கூ, தூ என்று உகரமும் ஊகாரமும் எழுத்துக்கு எழுத்து உருமாறும். குழந்தைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான் என்பதால் 18 மெய்க்கும் வரும் அந்த 36ஐத் தனித்தனியாகவே கற்பிக்கவேண்டும். ஆக 76 படிகள். பள்ளியிலிருந்து வந்து டப்பாவைக் கழுவப் போட்டதும் ஒரு எழுத்து, ஐந்து முறை எழுதுதல், காலண்டரில் ஒரு புள்ளி. இரண்டரை மாதத்தில் முடியும். விடுமுறை, காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் நான்கு மாதம் வைத்துக்கொள்ளலாம். நடுவில் தாராவி தொண்ணூறடிச் சாலையிலோ மாட்டுங்காவிலோ நடந்தால், தமிழ்க் கடைப்பலகையில் தெரிந்த எழுத்தைக் காட்டச் சொல்லலாம். தப்பாகப் படித்தால் அங்கேயே திருத்தி வாத்தியாராகிவிட வேண்டாம். அடுத்த முறை குழந்தை பலகையைப் பார்க்கவே மாட்டான்.

தினசரிச் சீட்டுக் காலண்டர் கணக்கெழுத உதவாது. நேற்றைய தாள் குப்பைக்குப் போய்விடுகிறது, கூடவே கணக்கும். ஆனால் கொக்கியாக இதை அடிக்க ஆளில்லை. காலையில் யாரும் சொல்லாமலே சீட்டைக் கிழிக்கிற ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார், பெரும்பாலும் தாத்தா. ‘சீட்டைக் கிழித்ததும் மாத்திரை’ என்றால் அவருக்கு வேறெந்தச் செயலியும் வேண்டாம். மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று பதினோரு மணிக்குச் சந்தேகம் வந்தாலும் சுவரைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் கிழிப்பது அவர் ஒருவர் மட்டுமே என்றிருக்கவேண்டும், மாத்திரையை விழுங்கிய பின்தான் சீட்டைக் கிழிக்கவேண்டும் என்று வரிசையையும் அப்போது மாற்றிக்கொள்ளவேண்டும்.

யாருக்கு எது

கட்டணம் கொடுத்து வாங்கும் செயலிகளை ஆண்ட்ராய்டுக்காரர்கள் தேடவேண்டிய அவசியம் இல்லை. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ‘ஸ்ட்ரீக்ஸ்’ இருக்கிறது. 2016இல் ஆப்பிளின் வடிவமைப்பு விருது பெற்றது, பார்க்க அழகு, பெயருக்கேற்றபடி தொடர்ச்சியைத்தான் முன்னிறுத்தும். ‘ஹாபிட்டிகா’ பழக்கங்களை விளையாட்டாக்குகிறது: செய்தால் காசும் அனுபவப் புள்ளியும், தினசரி வேலையை விட்டால் உங்கள் விளையாட்டுக் கதாபாத்திரத்தின் உயிர்ப்புள்ளி குறையும். விளையாட்டில் ஊறிய கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மற்றவர்கள் பழக்கத்தைவிடக் கதாபாத்திரத்துக்குக் கவசம் வாங்குவதில் நேரம் செலவழிப்பார்கள்.

தனியாக இருப்பவர், வேலை நேரம் மாறிக்கொண்டே இருப்பவர், நாலு பேர் பார்வையில் வைக்க விரும்பாத பழக்கம் உள்ளவர் ஆகியோருக்கு லூப். சிகரெட்டைக் குறைப்பதைச் சமையலறைச் சுவரில் எழுதி வைக்க எல்லாருக்கும் மனம் வராது. குழந்தைகள், பெரியவர்கள், குடும்பமாகச் செய்யும் காரியங்களுக்குச் சுவர். ஒரே பழக்கத்தை இரண்டிலும் எழுதவேண்டாம்; சில நாளில் ஒன்று விட்டுப்போகும், எது சரி என்று ஒப்பிடுவதே தனி வேலையாகிவிடும்.

போன் மாற்றப் போகிறவர்கள் கவனிக்க: பழைய போனைக் கடையில் கொடுக்கும் முன் லூப்பின் அமைப்புகளில் முழு நகலை எடுத்து, அந்தக் கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பிக்கொள்ளுங்கள். புதுப் போனில் செயலியை நிறுவி அதே கோப்பை உள்ளே எடுத்தால் எல்லாக் குறிகளும் வந்துவிடும். கணினியில் பார்க்க மட்டும் அட்டவணையாகத் திறக்கும் சிஎஸ்வி கோப்பாகவும் எடுக்கலாம். ஆனால் அதை வைத்துச் செயலியை மீட்க முடியும் என்று நம்பி முழு நகலை எடுக்காமல் விட்டுவிடவேண்டாம்.